வளவில் விழுந்த பலா: விற்பதா, பலகையாக அரிவதா, மிருதங்கக் கட்டையாகக் குடைவதா, வீணைக்கு வைப்பதா?

கொழும்பை அடுத்த தெஹிவளையில் எங்கள் வீட்டுப் பின்மதிலோரம் ஏறக்குறைய 50 ஆண்டுகளாக நின்ற பலா மரம், ஆனி மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று உரத்து வீசிய ஓர் இரவில் வேரோடு சாய்ந்தது. மதில் உடைந்ததைத் தவிர வேறு சேதம் எதுவுமில்லை. விடிந்ததும் அளந்து பார்த்தோம். நெஞ்சுயரத்தில் சுற்றளவு 76 அங்குலம், அதாவது விட்டம் 2 அடி. அடியிலிருந்து முதற்கவர் வரை 12 அடிக்குக் கணு அதிகமில்லாத நேர்த்தண்டு. வந்து பார்த்தவர்கள் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். மரக்காலைக்காரருக்கு அப்படியே விற்றுவிடலாம் என்றார் சித்தப்பா. தச்சுவேலை தெரிந்த அயலவர், பலகையாக அரிந்து அடுக்கிவைத்தால் பின்னர் எதற்கும் உதவும் என்றார். மிருதங்கம் பயிலும் என் மருமகனுக்குக் கண்ணில் பட்டதெல்லாம் மிருதங்கக் கட்டைகளாகவே இருந்தன. அவனுடைய தாயாரான என் அக்காவோ, இவ்வளவு பருமனான தண்டு கிடைத்தும் அதில் ஒரு வீணை செய்யாமல் விடுவதா என்று கேட்டார். அந்த நான்கு வழிகளையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்த்ததில் நாங்கள் அறிந்துகொண்டவற்றை, இதே நிலையில் நிற்கும் வேறொருவருக்குப் பயன்படலாம் என்பதற்காக எழுதுகிறேன்.

ஒப்பீட்டை எந்த அளவுகோலில் தொடங்குவது என்பதில்தான் பெரும்பாலானோர் தவறிவிடுகிறார்கள் என்று இப்போது எண்ணுகிறேன். விலை, ஆசை, மரத்தின் மீதுள்ள பாசம் ஆகியவையெல்லாம் நாட்காட்டிக்குப் பின்னால்தான் வரவேண்டும். வெட்டுண்ட முனையிலிருந்து ஈரம் வெளியேறும் வேகம், பக்கவாட்டில் வெளியேறும் வேகத்தைப் போலப் பல மடங்கு என்பதால், கொழும்பின் வெயிலில் கிடக்கும் தண்டின் முனைகள் சில நாட்களிலேயே நட்சத்திர வடிவில் வெடிக்கத் தொடங்கும். மழையும் வெப்பமும் மாறிமாறி வரும் அந்த மாதங்களில் வெளிறில் (நடுவிலுள்ள இறுகிய வைரத்தைச் சுற்றியிருக்கும் வெளிமரத்தில்) பூஞ்சையால் நீலம் பாய்வதற்கும், துளைப்பூச்சி இறங்குவதற்கும் இரண்டு கிழமைகள் போதும். ஆகவே ஒரு வழி எவ்வளவு சிறந்தது என்பதற்கு முன்னர், அதைச் செய்யக்கூடிய கை மூன்று கிழமைகளுக்குள் கிடைக்குமா என்று கேட்க வேண்டும். முனைகளுக்கு அன்றைக்கே உருக்கிய மெழுகோ தடித்த எண்ணெய்ப் பூச்சோ பூசுவது எந்த வழியைத் தேர்ந்தாலும் வீண்போகாத வேலை. நாங்கள் மீந்துகிடந்த சுவர்ப்பூச்சை முதல் நாளே மூன்று தடவை பூசினோம். அது மெழுகுக்கு ஈடாகாது என்றாலும், ஒன்றும் பூசாமல் விட்ட கிளைகளோடு ஒப்பிட்டபோது வேறுபாடு ஒரு கிழமையிலேயே கண்ணுக்குத் தெரிந்தது.

பலாவைப் பொறுத்தவரை இலங்கையில் இன்னொரு முன்வேலையும் உண்டு. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம் பலாவையும் ஈரப்பலாவையும் அனுமதியின்றி வெட்டுவதைத் தடுக்கிறது. சொந்த வளவில் நிற்கும் மரத்துக்கும் அது பொருந்தும். உணவு தரும் மரம் என்பதே அதன் காரணம். பலாக்கன்று நடுவதை ஓர் இயக்கமாகவே நடத்தியதால் ‘கொஸ் மாமா’ என்று சிங்கள மக்கள் அழைத்த ஆதர் வி. டயஸ் வாழ்ந்த நாடு இது. காற்றில் விழுந்த மரத்தை நாம் வெட்டவில்லை என்பது உண்மைதான். ஆனால் துண்டாக்கிய பின்னர் அதை எவருக்கும் நிரூபிக்க முடியாது. எனவே வாள் வைப்பதற்கு முன்னரே, பிடுங்கிக்கொண்டு நிற்கும் வேர்த்திரளும் உடைந்த மதிலும் தெரியும்படி நான்கு பக்கமும் படம் எடுத்து, கிராம சேவகருக்கு அறிவித்து, பிரதேச செயலகத்தில் எழுத்தில் கொடுத்துவிடுவது நல்லது. லொறியில் ஏற்றுவதற்கான அனுமதியையும் அந்த வேளையிலேயே கேட்டுக்கொள்ளலாம். இதில் நான்கு வழிகளுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் வெளியே கொண்டுபோகும் மரம் கூடக்கூட அலைச்சலும் கூடும்.

பாதுகாப்பைப் பற்றி ஒரு வார்த்தை. வேரோடு சாய்ந்த மரத்தின் தண்டை அடியில் அறுத்துப் பிரித்தவுடன், அந்தப் பாரம் நீங்கிய வேர்த்திரள் மண்ணோடு சேர்ந்து திடீரெனப் பழைய குழிக்குள் திரும்பி விழக்கூடும். அந்தக் குழியைச் சிறுவர்கள் விளையாட்டிடம் என்றே நினைப்பார்கள். அறுக்கும் நாளில் அந்தப் பக்கம் ஒருவரும் நிற்கக் கூடாது.

மரத்தின் தரத்தைக் கணிக்காமல் வழிகளை ஒப்பிட முடியாது. நல்ல பலாவின் வைரம் பொன்மஞ்சளாக இருக்கும்; புத்த பிக்குகளின் சீவரத்துக்குக் காலங்காலமாகச் சாயம் தந்தது அந்த மஞ்சள்தான். காற்றும் ஒளியும் பட்டு ஆண்டுகள் செல்லச்செல்ல அது தேன் நிறத்துக்கும் பின்னர் கபிலத்துக்கும் மாறும். அந்த வைரத்தைக் கறையான் எளிதில் தொடாது. அதைச் சுற்றியுள்ள வெளிறைத் தொடும். எங்கள் மரத்தில் வெளிறு ஏறக்குறைய 2 அங்குலம் இருந்ததால், 24 அங்குல விட்டத்தில் பயன்படத்தக்க வைரம் 20 அங்குலம் என்று கணக்கிட்டோம். அடியில் ஓரடி உயரத்துக்கு நடுவில் மரம் பஞ்சாகியிருந்தது. மரம் விழுந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அதைத் தயங்காமல் கழித்தோம். கவருக்கு அருகேயுள்ள ஓரடியில் இழைகள் முறுகியிருந்தன, அதுவும் போயிற்று. எஞ்சியது 10 அடி.

கிளைகள் தடித்திருந்தாலும் அவற்றில் வாத்தியம் எதிர்பார்க்கக் கூடாது. சாய்ந்து வளரும் கிளையின் மேற்பக்கத்தில் இழுவிசையைத் தாங்குவதற்கென ஒருவகை இறுகிய மரம் உருவாகும். அது காயும்போது மற்றப் பக்கத்தைவிட அதிகம் சுருங்கி வளைந்துவிடும். காற்றில் முறிந்து விழுந்த தண்டென்றால், வெளியே தெரியாத குறுக்கு நொறுங்கல்கள் உள்ளே இருக்கக்கூடும். வேரோடு சாய்ந்ததில் அந்த ஆபத்து குறைவு. வீட்டு மரங்களுக்கே உரிய இன்னொரு நோய் ஆணி. துணிக்கொடிக்கு ஒன்று, ஊஞ்சலுக்கு இரண்டு, விளக்குக்கு ஒன்று என்று மூன்று தலைமுறை அடித்த ஆணிகளை மரம் விழுங்கி வைத்திருக்கும்; பட்டையில் கருநீலக் கறை தெரிந்தால் அதற்குள் இரும்பு இருக்கிறது என்று கொள்ளலாம். வளவு மரம் என்றவுடன் மரக்காலையில் முகம் சுளிப்பதற்கு இதுவே காரணம். அவர்கள் வாளின் பற்களைப் பற்றிக் கவலைப்படுவதைக் குறைசொல்ல முடியாது.

விற்பது மிக எளிது. அதைப் பற்றிச் சொல்லவும் அதிகமில்லை. வியாபாரியே ஆளும் லொறியும் கொண்டுவருவார், வளவு ஒரு நாளில் துப்புரவாகும், மதில் கட்டுவதற்குக் கையில் காசு வரும். ஆனால் மரத்தை எப்படி அளக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு பேரம் பேச வேண்டும். சுற்றளவின் நாலில் ஒரு பங்கை வர்க்கித்து நீளத்தால் பெருக்கும் பழைய கணக்கின்படி எங்கள் 12 அடித் தண்டு 30 கன அடி. வட்டத்தின் பரப்பைக் கொண்டு உண்மையாகக் கணக்கிட்டால் ஏறக்குறைய 38 கன அடி. அரியும்போது வீணாகும் பக்கக்கழிவுக்காக அந்தக் கணக்கு தானாகவே ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துவிடுகிறது. ஆகவே கழிவைக் காட்டி இரண்டாவது தடவையும் விலையைக் குறைக்க முயன்றால், ஏற்கெனவே கழித்தாயிற்று என்று சொல்லலாம். வீட்டில் இசைக்கருவி தேவைப்படுவோர் எவரும் இல்லை, செய்பவரையும் தெரியாது, மழைக்கு ஒதுக்கும் இடமும் இல்லை என்றால் விற்பதே சரி. அப்படி இருந்தும் தண்டைப் பாசத்தால் வைத்துக்கொண்டு உளுக்கவிடுவது மரத்துக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

பலகையாக அரிவது எல்லோருக்கும் முதலில் தோன்றும் நடுவழி. எதற்கும் உதவும் என்ற வாதம் கேட்பதற்கு நன்றாகவே இருக்கும். கிற்றாரின் முதுகுக்கும் பக்கங்களுக்கும், சுருதிப்பெட்டிக்கும், ஆர்மோனியப் பெட்டிக்கும் பலாப்பலகை பயன்படும் என்பதில் ஐயமில்லை. தொல்லை காய்ச்சலில் இருக்கிறது. ஓர் அங்குலத் தடிப்புக்கு ஓராண்டு என்பது நிழலில் காற்றாடக் காயவைப்பதற்கான பொதுவான கணக்கு. அதற்கு நிலத்திலிருந்து ஓரடியாவது உயர்த்திய மேடை, ஒன்றரை அடிக்கொன்றாக மேலும் கீழும் நேர்கோட்டில் வைத்த முக்கால் அங்குலக் குறுக்குச் சட்டங்கள், மேலே பாரம், மழை படாத கூரை, வெயில் படாத திசை ஆகிய அனைத்தும் வேண்டும். தெஹிவளையில் வாகனம் நிறுத்தவே இடமில்லாத வீடுகளில் 10 அடி நீளத்துக்கு இத்தகைய அடுக்கை ஓராண்டு வைத்திருப்பது எத்தனை பேருக்கு முடியும்?

இடம் இருந்தாலும் கொழும்பின் காற்று ஓர் எல்லைக்கு மேல் உலரவிடாது. சார்பு ஈரப்பதன் 75 முதல் 80 வீதம் வரை நிற்கும் இந்நகரில், நிழலில் எத்தனை ஆண்டு வைத்தாலும் மரம் 14 அல்லது 15 வீத ஈரத்தில் நின்றுவிடும். குளிரூட்டிய அறையில் வைத்த மரமோ 9, 10 வீதத்துக்கு இறங்கும். அந்த 5 வீத வேறுபாட்டில் ஓரடி அகலப் பலகை ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் சுருங்கும் என்று சாதாரண வன்மரக் கணக்கு காட்டுகிறது. மேசைக்கு 3 மில்லிமீற்றர் பொருட்டல்ல. பசையிட்டு ஒட்டிய கிற்றார் முதுகுக்கு அது விரிசல். ஆகவே வாத்தியத்துக்கான பலகையை வெளியில் காயவைத்த பின்னர் சூளையிலோ குளிரூட்டிய அறையிலோ இன்னும் சில மாதங்கள் வைத்தாக வேண்டும். சூளைக்கு இன்னொரு நன்மையும் உண்டு. ஏற்றுமதிப் பெட்டிகளுக்கான மரம் நடுவரை 56 பாகை செல்சியசில் 30 நிமிடம் சூடேற வேண்டும் என்பது சர்வதேச விதி. மரத்துக்குள் இருக்கும் பூச்சிகளைக் கொல்லவே அந்தச் சூடு. ஆனால் மொறட்டுவைப் பக்கம் தளபாட வேலைக்குச் சூளை வைத்திருப்பவர்களிடம் விசாரித்தபோது, எங்களைப்போல் பத்துப் பன்னிரண்டு பலகை கொண்டுவருபவருக்காகச் சூளையைத் திறப்பது கட்டாது என்றார்கள். அதுவும் நியாயமே.

அரியும் திசையையும் கவனிக்க வேண்டும். மரக்காலையில் வழக்கமாக அரிவதுபோல் மேலிருந்து கீழாக ஒரே திசையில் வெட்டிக்கொண்டே போனால், நடுவில் வரும் இரண்டு மூன்று பலகைகளில் மட்டுமே வளையங்கள் பலகைக்குச் செங்குத்தாக நிற்கும். வாத்தியத்துக்கு வேண்டியவை அவைதான். அவற்றின் நடுவிலேயே சோறும் (தண்டின் மையத்திலுள்ள மென்பகுதி) இருப்பதால் அதை நீக்கினால் அகலம் பாதியாகும். இவ்வளவையும் கூட்டிப் பார்த்தபோது, எதற்கும் உதவும் என்று சொன்ன வழி, வாத்தியம் என்ற ஒன்றுக்கு மிகக் குறைவாகவே உதவுகிறது என்ற முடிவுக்கு வந்தேன். கதவுக்கும் கட்டிலுக்கும் அது நல்ல வழி என்பதை மறுக்கவில்லை.

மிருதங்கக் கட்டையாகக் குடைவதில் கணக்கு தலைகீழாகிறது. மற்ற வழிகளில் பச்சை மரம் ஒரு தொல்லை. இங்கே அதுவே நன்மை. பச்சை மரம் உளிக்கு இளகிக் கொடுக்கும். அதைவிட முக்கியமானது, தண்டு வெடிப்பதற்கான மூலகாரணத்தையே குடைவது அகற்றிவிடுகிறது. மரம் காயும்போது வளையத்தின் வழியே சுருங்கும் அளவு, நடுவிலிருந்து வெளியே செல்லும் திசையில் சுருங்கும் அளவைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. நடு மரம் உள்ளே இருக்கும் வரையில், சுற்றுவட்டம் இறுக முயல நடு விட்டுக்கொடுக்காது. அந்த இழுபறியில்தான் தண்டு வெடிக்கிறது. நடுவைத் தோண்டி எடுத்துவிட்டால் எஞ்சிய குழாய் தன் பாட்டுக்குச் சுருங்கி விட்டத்தில் சிறிது குறையும். தவில், மிருதங்கம் குடைந்தவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கைப்பழக்கத்தில் அறிந்திருந்தது இதுதான். பலாவின் இழைகள் ஒன்றுக்கொன்று பின்னிச் செல்வதால் வாரின் இழுப்பைப் பிளவுபடாமல் தாங்குகிறது என்பதும், வைரம் உளுப்பதில்லை என்பதும், எடை சுமக்கக்கூடியதாக இருக்கிறது என்பதும் சேர்ந்தே அந்த மரத்தை இந்தக் கருவிகளுக்கு நிலைநிறுத்தியிருக்கின்றன. தமிழகத்தில் பண்ருட்டிப் பலாவுக்கு வாத்தியக்காரரிடையே உள்ள பெயரும் இதனால்தான்.

தூக்குவதும் எளிதாகிறது. பச்சைப் பலாவைத் தண்ணீரின் அடர்த்திக்கு நெருக்கமாகக் கொண்டால் எங்கள் 12 அடித் தண்டு ஒரு தொன்னுக்கு மேல். பாரந்தூக்கி இல்லாமல் எங்கள் ஒழுங்கையால் அதை வெளியே கொண்டுபோக வழியில்லை. இரண்டரை அடித் துண்டாக்கினால் ஒரு துண்டு ஏறக்குறைய 220 கிலோ, நால்வர் உருட்டலாம். அதை வெளிவிட்டம் 12 அங்குலம், உள்விட்டம் 8 அங்குலம் என்று கரடாகக் குடைந்து நீளத்தையும் சீராக்கிவிட்டால் 30 கிலோவுக்கும் கீழே வந்துவிடும். காய்வதற்கும் அதற்குச் சில மாதங்கள் போதும். 24 அங்குலக் கட்டை தாழ்ந்த சுருதிக்கும் 22 அங்குலக் கட்டை உயர்ந்த சுருதிக்கும் என்பதால், இரண்டரை அடித் துண்டு முனைக்கழிவு போக எதற்கும் இடந்தரும்.

ஆனால் இந்த வழியிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. 24 அங்குலத் தண்டிலிருந்து 12 அங்குலக் கட்டை எடுத்தால் மரத்தின் முக்காற்பங்கு சீவலாகப் போகிறது. அதைப் பார்த்த மருமகன், தண்டை இரண்டாகப் பிளந்து பாதிக்கு ஒன்றாக எடுத்தால் ஒரு துண்டில் இரண்டு கட்டைகள் கிடைக்குமே என்றான். வைரத்தின் அரைவிட்டம் 10 அங்குலமே என்பதால் ஓரங்களில் வெளிறு வரும் என்பது ஒரு தடை. அதைவிடப் பெரிய தடை வடிவம். நடுவைச் சுற்றிக் குடைந்த கட்டை எல்லாப் பக்கமும் ஒரே அளவாகச் சுருங்குவதால் காய்ந்தபின்னும் வாய் வட்டமாகவே இருக்கும். ஒரு பக்கத்திலிருந்து எடுத்த கட்டையிலோ வளையங்கள் ஒரு திசையில் மட்டும் ஓடுவதால் வாய் முட்டை வடிவமாகும். அதைப் பின்னர் கடைந்து வட்டமாக்கலாம். ஆனால் அதற்கு முன்கூட்டியே தடிப்பு விட்டிருக்க வேண்டும், கடைந்தபின் சுவரும் ஒரே தடிப்பாக இராது. வலந்தலை (வலப்பக்கத் தோல்) எந்தப் புள்ளியில் தட்டினாலும் ஒரே சுருதியில் பேச வேண்டிய கருவிக்கு, எண்ணிக்கைக்காக வட்டத்தை விட்டுக்கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. 3 அடி விட்டமுள்ள முதுமரம் என்றால் அவன் சொன்னதைச் செய்திருக்கலாம். வீணாகும் மரத்தைக் குறைக்க வேறு வழி, குடைவதற்கு முன்னர் நான்கு பக்கமும் தடித்த பக்கக்கட்டைகளாக அறுத்தெடுப்பது. 7, 8 அங்குல விட்டமுள்ள கஞ்சிராச் சட்டங்களுக்கு அவை போதும். கஞ்சிராவுக்கு முன்பு போட்ட உடும்புத் தோல் இன்று சட்டப்படி ஆகாது என்பதையும் இவ்விடத்தில் சொல்லிவிட வேண்டும். ஆட்டுத்தோலிலும் செயற்கைத் தோலிலும் கஞ்சிரா கிடைக்கிறது. தவிலுக்குக் கட்டை மிருதங்கத்தைவிடக் குட்டையாகவும் பருமனாகவும் வேண்டியிருப்பதால், எங்கள் மரத்தின் பருமனுக்கு உண்மையில் தவில்தான் அதிகம் பொருந்தியிருக்கும். வீட்டில் தவில் வாசிப்பவர் இல்லை என்பது மரத்தின் குற்றமல்ல.

வீணைதான் மனத்தை அலைக்கழித்த வழி. தஞ்சாவூர் வீணையில் குடம் (உருண்டையான அடிப்பகுதி), தண்டி (நீண்ட கழுத்து), யாளிமுகம் அனைத்தையும் ஒரே மரத்துண்டில் செதுக்குவதை ஏகாந்த வீணை என்றும், தனித்தனியே செய்து பொருத்துவதைச் சாதா வீணை என்றும் சொல்வார்கள். தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு 2013இல் கிடைத்தது. அதற்கும் மூலப்பொருள் பலாதான். ஏகாந்த வீணைக்கு 4 அடிக்கும் சற்றுக் கூடுதலான நீளமும், குடத்துக்கு 15 அங்குலம் வரை அகலமும் வேண்டும். 5 அடித் துண்டை நடுவாகப் பிளந்து சோற்றை நீக்கினால், பாதிக்கு ஒன்றாக இரண்டு வீணைகளுக்கு இடமிருந்தது. அக்கா ஒன்றும் பொருந்தாததைக் கேட்கவில்லை.

ஆனால் அந்த 5 அடியில்தான் இரண்டு மிருதங்கக் கட்டைகளும் இருந்தன. இரண்டையும் ஒப்பிட்டால், மிருதங்கம் மெல்லிய சுவராகி விரைவில் ஆபத்தைத் தாண்டிவிடுகிறது. வீணைக்கட்டையோ குடம் குடையப்படும் வரை 10 அங்குலத் தடிப்பில் கிடக்கிறது. அங்குலத்துக்கு ஓராண்டு என்ற கணக்கை அதற்குப் பொருத்திப் பார்க்கவே தயக்கமாக இருக்கும். வெளிப்புறம் காய்ந்து இறுகி, உள்ளே ஈரம் அடைபட்டு, பின்னர் என்றோ ஒருநாள் நீளவாக்கில் பிளக்கும். இதைத் தவிர்ப்பதற்கு வீணைக்கும் பச்சையிலேயே குடத்தைக் கரடாகக் குடைந்து, சுவர் இரண்டு அங்குலம் நிற்கவிட்டு, அதன் பின்னரே காயப்போட வேண்டும். அதைச் செய்பவர் வீணையின் வடிவம் அறிந்தவராக இருக்க வேண்டும். குடத்துக்கும் தண்டிக்கும் இடையிலான சாய்வை ஒருமுறை தவறவிட்டால் திருத்த மரம் இராது. கொழும்பில் மெட்டுக்கு (தந்தியை அழுத்தி வாசிக்கும் கட்டைக்கு) மெழுகு வைத்துக் கொடுப்பவரைக் கண்டோம், பிருடை (தந்தியை முறுக்கும் திருகு) மாற்றுபவரைக் கண்டோம். மரத்திலிருந்து வீணையைச் செதுக்கியெடுக்கும் ஒருவரை அந்த மூன்று கிழமைகளில் எங்களால் தேடிப்பிடிக்க முடியவில்லை. பச்சைமரத்தைக் கடல்கடந்து தஞ்சாவூருக்கு அனுப்புவது, அனுமதிகளையும் தாவர நோய்த்தடுப்புச் சான்றுகளையும் நினைத்தால், வீணை ஒன்றை அங்கிருந்து வாங்கி வருவதைவிடக் கடினம். கோவில் வாகனங்கள் செதுக்கும் சிற்பாசாரி ஒருவர் யாளிமுகத்தை இன்றைக்கே செய்து தருகிறேன் என்றார். குடத்தைப் பற்றிக் கேட்டபோது, அது தன் வேலையில்லை என்று நேர்மையாகச் சொன்னார். மரத்தின் தகுதியை மட்டும் பார்த்தால் வீணை முதலிடத்தில் நின்றிருக்கும். கையைப் பார்த்தால் கடைசியில் நின்றது.

விழுந்தது பலா அல்லாமல் வேறு மரமென்றால் ஒப்பீடு மாறும். வேம்பு என்றால் பறைச்சட்டத்துக்கு அதைவிட வேறு வேண்டாம். கொன்றை, சிங்களவர் ‘எஹெல’ என்று சொல்லும் மரம், கண்டிய நடனத்தின் கெட்ட பெர மேளத்துக்குப் பழைய மரம். அப்படி ஒன்று விழுந்தால் அந்த மேளம் செய்பவர்களிடமே கேட்கலாம். மாமரம் பார்வைக்கு அழகிய கோடுகளோடு இருக்கும், ஹவாய்த் தீவில் அதில் யுகுலேலி செய்கிறார்கள். ஆனால் இங்கே விழுந்த மறுகிழமையே அரிந்து வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த நீரில் நனைக்காவிட்டால் பூச்சியும் நீலமும் முந்திக்கொள்ளும். முருங்கையைப் பற்றிப் பேச வேண்டியதில்லை.

நாங்கள் செய்தது இவற்றின் கலப்பு. மேல் 5 அடியை இரண்டு துண்டாக்கி, பக்கக்கட்டைகளை அறுத்தெடுத்த பின்னர் மிருதங்கத்துக்குக் கொடுத்தோம். மொறட்டுவையில் கடைசல் இயந்திரம் வைத்திருக்கும் ஒருவர், வாத்தியம் செய்து பழக்கமில்லாதவர் என்றாலும், மருமகனின் ஆசிரியர் கொடுத்த பழைய கட்டையை அளவுக்கு வைத்துக்கொண்டு பதினைந்தாம் நாள் இரண்டையும் கரடாகக் குடைந்து தந்தார். பலாப்பால் வாளிலும் உளியிலும் ஒட்டுவதாகச் சலித்துக்கொண்டார். தேங்காயெண்ணெய் பூசச் சொன்னோம், வீட்டில் சுளை எடுக்கும்போது செய்வதுதானே. மரம் தேய்பிறையில் வெட்டப்பட்டதா என்றும் கேட்டார். தேய்பிறையில் வெட்டிய மரம் உளுக்காது என்பது பழையவர்களின் நம்பிக்கை. எங்கள் மரம் பஞ்சாங்கம் பார்த்து விழவில்லை என்றேன். முனைகளுக்கு மெழுகு பூசி, தங்கள் சீவல்களோடேயே சாக்கில் கட்டி, காற்று அடிக்காத மாடிப்படியின் கீழ் இரண்டு கட்டைகளையும் வைத்தோம். முதல் மாதம் கழிந்து சாக்கை அவிழ்த்தோம்.

கீழ் 5 அடியை நடுவாகப் பிளந்து, ஒரு பாதியை இரண்டங்குலப் பலகைகளாக அரிந்து அடுக்கினோம். மற்றப் பாதியை அரிவதற்கு அக்கா விடவில்லை. வீணைக்கு ஆள் கிடைக்கும் வரை இருக்கட்டும் என்றார். மேலே எழுதிய எல்லாக் காரணங்களையும் சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்டுவிட்டு, இருக்கட்டும் என்றே திரும்பவும் சொன்னார். சோற்றுப்பகுதியைச் செதுக்கி நீக்கி, நான்கு முகங்களிலும் மெழுகு பூசி, இரு முனைகளிலும் கழிவுக்கெனச் சில அங்குலம் விட்டு அதை வைத்திருக்கிறோம். ஒப்பீட்டின்படி அது தவறான முடிவு. மிருதங்கக் கட்டைகளை மாதம் ஒருமுறை மளிகைக்கடைத் தராசில் நிறுத்துச் சுண்ணாம்புக்கட்டியால் எடையை எழுதுகிறான் மருமகன்: முதலில் 26 கிலோ, இரண்டாம் மாதம் 21.5, ஆறாம் மாதம் 18.1, ஏழாம் மாதம் 17.9. இரண்டு மாதம் ஒரே எடை நின்றால்தான் தோல் போடக் கொடுப்பது என்று சொல்லியிருக்கிறேன். வீணைக்கட்டையைத் தராசில் ஏற்ற முடியாது. அதன் ஒரு முனையில் கார்த்திகையில் மயிரிழைபோல் ஒரு வெடிப்புக் கண்டது. அதன் நுனி எங்கே நிற்கிறது என்று அக்கா கோடிட்டு வைத்திருக்கிறார். இன்றைக்கு மூன்றங்குலம்.